வார்டா, விடுதியா, முகாமா: ஒரு மாவட்டத்துக்கு எந்தப் போதை மீட்பு ஏற்பாடு பொருந்தும்?

மாவட்டத்தில் போதை மீட்பு மையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் முதலில் வருவது "எத்தனை படுக்கை?" என்ற கேள்விதான். அடுத்து கட்டடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா. கள்ளச்சாராயச் சாவோ, பள்ளி வாசலில் கஞ்சா பிடிபட்ட செய்தியோ வந்த வாரத்தில் அவசரம் இன்னும் கூடும். படுக்கையை எண்ணி எந்த ஏற்பாட்டின் தரத்தையும் சொல்லிவிட முடியாது. பத்து நாள் மருந்துக்குப் பின் கைநடுக்கம் நின்று, பசியெடுத்துச் சாப்பிட்டு, முகம் தெளிந்து ஒருவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். பதினோராம் நாள் காலையில் அவர் பெயர் யாருடைய நோட்டில் இருக்கிறது? மருத்துவமனையைக் கேட்டால் "டிஸ்சார்ஜ் பண்ணிட்டோம்" என்பார்கள். தொண்டு நிறுவனத்தைக் கேட்டால் "எங்ககிட்ட இன்னும் வரலையே" என்பார்கள். ஆள் நழுவுவது இந்த இடைவெளியில்தான். இங்கே ஒப்பிடும் ஒவ்வோர் ஏற்பாட்டையும் அந்தப் பதினோராம் நாளை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

தேவையின் அளவு முதலில். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தது 38 பேரில் ஒருவருக்கு. உள்நோயாளியாகச் சிகிச்சை கிடைத்தது 180 பேரில் ஒருவருக்கு. எவ்வளவு படுக்கை போட்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. ஓ.பி.-யிலும் ஊரிலும் நடக்கும் வேலைதான் பெரும்பகுதி, படுக்கை அதன் ஒரு சிறு துண்டு. மாவட்ட நிர்வாகம் கூட்டாளி நிறுவனத்தைத் தேடும்போது இதை மறந்தால் விடுதி நடத்தத் தெரிந்தவர்களோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான்.

மருத்துவமனை மட்டும்

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவின் கீழ் 10 அல்லது 20 படுக்கையை ஒதுக்குவது முதல் வழி. டீடாக்ஸுக்கு, அதாவது குடியை நிறுத்தியதும் வரும் உடல் தொல்லைகளை மருந்தால் கடத்திவிடும் முதல் கட்டத்துக்கு, இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. காரணம் நேரக் கணக்கு. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம், அதாவது ஆள் யாரென்று தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதுபோன்ற மாயத்தோற்றம், காய்ச்சல், படபடப்பு. வெள்ளிக்கிழமை மாலை சேர்ந்தவருக்கு டெலிரியம் ஆபத்து தொடங்கும் நேரம் ஞாயிறு இரவு. அந்த நேரத்தில் டயசிபாம் ஊசி போடவும், ரத்தத்தில் உப்பு, சர்க்கரை பார்க்கவும், தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றவும் ஆள் இருக்கும் இடம் மருத்துவமனைதான்.

அங்கேயும் தவறு நடக்கிறது. குடித்து மயங்கி வந்தவருக்கு அவசரப் பிரிவில் பழக்கதோஷமாகக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிடுவது அதில் முக்கியமானது. பல மாதம் சரியாகச் சாப்பிடாத குடிநோயாளியின் உடலில் தயமின் (பி1) வற்றியிருக்கும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகப் போகும் நிலை வரலாம். குளுக்கோஸுக்கு முன்னால், அல்லது அதோடு சேர்த்தே, தயமின் ஊசி. இதை அவசரப் பிரிவின் சுவரில் எழுதி ஒட்டுவதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாகவே வைக்கலாம்.

மருத்துவமனையின் பலவீனம் டிஸ்சார்ஜ் சீட்டோடு தொடங்குகிறது. மனநல மருத்துவர் ஒருவர், இருந்தால் ஒரு உளவியலாளர். அவர்கள் ஓ.பி.-யையும் பார்த்து, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறித்த நாளில் போய்வர வேண்டும். வீடு தேடிப் போக ஆளில்லை. நேரமும் இடிக்கிறது: டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, அரசு ஓ.பி. பெரும்பாலும் பகல் 12 மணியோடு முடிகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் மாதம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வருவது முதல் இரண்டு மாதம் நடக்கும். மூன்றாம் மாதம் நிற்கும்.

தொண்டு நிறுவன விடுதி

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைத் தேவைக் குறைப்புத் திட்டத்தின்கீழ் மானியம் பெற்று நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் இந்த வகை. மருத்துவமனை செய்யாததை இவை செய்கின்றன: ஏறத்தாழ ஒரு மாதத் தங்கல், தினமும் குழு அமர்வு, குடும்பத்தாருக்குத் தனி அமர்வு, குடியை விட்டு நிற்கும் ஒருவரே துணைநின்று பேசுவது. மனைவியும் தாயும் மனம்விட்டுப் பேசுவது இங்கேதான். மருத்துவமனை வார்டில் அவர்களுக்கு உட்கார நாற்காலிகூட இருக்காது.

சிக்கல் இரண்டு. மருத்துவர் பகுதிநேரம். பகலில் ஓரிரு மணி நேரம் வந்துபோவார். அந்த ஞாயிறு இரவு அங்கே இருப்பது செவிலியரும் காவலரும்தான். முன்பு வலிப்பு வந்தவர், ஏற்கெனவே டெலிரியம் கண்டவர், மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர், தலையில் அடிபட்டவர் ஆகிய நால்வரையும் நேராக விடுதியில் சேர்க்கக் கூடாது. விதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் நள்ளிரவில் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எப்படியாவது சேத்துக்கங்க சார்" என்று குடும்பம் அழும்போது விதி தளர்கிறது.

இன்னொன்று பணம். மானியம் தவணையாக வரும், ஆய்வுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கும் பிறகு. தாமதமானால் முதலில் வேலையை விட்டுப் போவது கவுன்சலர். அவர் போனால் அவரிடம் நம்பி வந்துகொண்டிருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் வராமல் போவார்கள். ஆறு மாதச் சம்பளத்தைக் கைவசம் காட்ட முடியாத நிறுவனத்தைக் கூட்டாளியாக எடுப்பது அந்த நிறுவனத்துக்கும் நல்லதல்ல.

தனியார் படுக்கையை விலைக்கு எடுப்பது

அவசரத்தில் இருக்கும் நிர்வாகத்துக்கு இது எளிதாகத் தெரியும்: கட்டடம் இருக்கிறது, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும். எங்கள் கணிப்பில் இதுவே கடைசித் தேர்வு. படுக்கை நாளுக்குக் காசு என்றால் நோயாளியைப் படுக்கையில் வைத்திருப்பதில்தான் லாபம், வீட்டில் நிலைக்கச் செய்வதில் இல்லை. வேறு வழியில்லை என்றால் மூன்றை நேரில் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? உள்ளிருப்பவர் நினைத்தால் வெளியே போன் பேச முடிகிறதா? இரவுப் பணிச் செவிலியரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா?

குடும்பம் பணம் கட்ட, வேன் அனுப்பி ஆளைத் தூக்கிவருவது சிகிச்சை அல்ல, சட்டமும் அதை ஏற்காது. விருப்பமில்லாதவரைச் சேர்க்க அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. நியமிக்கப்பட்ட பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துச் சட்டம் சொல்லும் அளவுக்கு ஆபத்து இருக்கிறது என்று காண வேண்டும். சேர்த்த 7 நாளுக்குள், பெண்கள், சிறார் என்றால் 3 நாளுக்குள், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உச்சவரம்பு 30 நாள். சங்கிலியால் கட்டுவது 95-ஆம் பிரிவின்படி முற்றிலும் தடை.

ஊர் முகாம்

தமிழ்நாட்டில் இதற்குச் சொந்த மரபு உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடத்திய 15 நாள் முகாம்கள் வெளிநாட்டு மருத்துவ இதழ் வரை பேசப்பட்டவை. ஊரிலேயே ஒரு பள்ளியோ மண்டபமோ. உணவை ஊர்க்காரர்கள் ஏற்பார்கள். மருத்துவக் குழு வெளியிலிருந்து வரும். குடும்பமும் கூடவே அமர்வுகளில் உட்காரும்.

முகாமின் பலம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்பே ஊருக்குள் போய், யார் வரத் தயார், யாருக்கு முகாம் ஆபத்து என்று சலித்தெடுக்கிறார்கள். முடிந்த பிறகு அதே ஊரில் மாதாமாதம் ஒரு நாள் உட்காருகிறார்கள். ஒரே தெருவில் ஐந்து பேர் சேர்ந்து குடியை விட்டால் சாயங்காலம் உட்கார வேறு திண்ணை கிடைக்கிறது. முகாம் சறுக்குவதும் இந்த இரண்டு இடத்தில்தான். சலித்தெடுக்கும் வேலையை ஒரே நாளில் முடித்து, வந்தவரையெல்லாம் சேர்த்தால் மூன்றாம் இரவில் 108-ஐக் கூப்பிட வேண்டியிருக்கும். பின்தொடர்தலுக்குப் பணம் ஒதுக்காமல் முகாம் மட்டும் போட்டால் புகைப்படம்தான் மிஞ்சும். ஆண்டுக்கு ஆறு முகாம் போடுவதைவிட, ஒரு முகாம் போட்டு அந்த ஊருக்கு ஓராண்டு போய்வருவது மேல். தாலுகா மருத்துவமனையிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இருவரும் பங்கிட்டுக்கொள்வது

டீடாக்ஸும் மருந்தும் மருத்துவமனைக்கு, தங்கலும் பின்தொடர்தலும் தொண்டு நிறுவனத்துக்கு. சொல்லும்போது எல்லோரும் தலையாட்டும் ஏற்பாடு இது. நடத்தும்போது அதிகம் உடைவதும் இதுதான். நன்றாக நடந்தால் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இதற்கு நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஊசிவழி போதை எடுப்பவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கீழ் பியூப்ரெனார்ஃபின் மாற்று மருந்து தரும் மையங்களில் பல, அரசு மருத்துவமனைக்குள் இருக்கின்றன. மாத்திரை அங்கே, செவிலியர் கண்முன்னே நாக்கடியில் கரைய வேண்டும். ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதும், இரண்டு நாள் வராதவரைத் தேடிப்போவதும் இணைந்திருக்கும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர்கள். யார் எதைச் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. குடிநோய்க்கும் இதே கோட்டை அப்படியே இழுக்கலாம்.

படுக்கைக் கணக்கை இப்படிப் போட வேண்டும். விடுதியில் 15 படுக்கை, தங்கல் 30 நாள் என்றால் மாதம் 15 பேர். மருத்துவமனையில் 5 படுக்கை, தங்கல் 10 நாள் என்றால் அதுவும் மாதம் 15 பேர். பொருந்திவிட்டது போலத் தெரியும், பொருந்தாது. டீடாக்ஸ் முடித்தவர்களில் பாதிப் பேர் "வேலைக்குப் போகணும்" என்று விடுதிக்குப் போகாமல் வீட்டுக்குப் போவார்கள் என்று எடுத்துக்கொண்டால், விடுதி நிறைய மருத்துவமனையில் 10 படுக்கை வேண்டும். வீட்டுக்குப் போகும் அந்த 15 பேருக்கு ஓ.பி.-யில் கவுன்சலிங் வேண்டும். இதை விட்டுவிட்டால் பாதி விடுதி காலியாகவும், வெளியே காத்திருப்போர் வரிசை நீளமாகவும் ஒரே நேரத்தில் இருக்கும்.

எல்லோருக்கும் படுக்கை தேவையும் இல்லை. குடியை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளை மதிப்பெண்ணாக்கும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவையில் எட்டுக்குக் கீழே இருந்து, முன்பு வலிப்பு வராமல், வேறு பெரிய நோயும் இல்லாமல், வீட்டில் தெளிவான துணை ஒருவர் இருந்தால் ஓ.பி.-யிலேயே முடிக்கலாம். அந்த அறிகுறிகளை அடக்கும் குளோர்டயசிபாக்சைடு மாத்திரையை இரண்டு நாளுக்கு மட்டும் கொடுத்து, மறுபடி வரச்சொல்லி, அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பத்து நாள் மாத்திரையை மொத்தமாகக் கட்டிக் கொடுத்தால் சரக்கோடு சேர்த்துப் போட்டு மூச்சு அடங்கும் ஆபத்து இருக்கிறது.

பின்தொடர்தலுக்கும் கணக்கு உண்டு. மாதம் 15 பேர் மட்டும் வெளியேறினாலும் ஓராண்டில் 180 பேர் பட்டியலில் இருப்பார்கள். ஒருவருக்கு மாதம் ஒரு தொடர்பு என்றால் 180 தொடர்பு. ஒரு பணியாளர் நாளைக்கு எட்டு பேரை, போனிலும் நேரிலுமாக, 22 வேலைநாளில் 176 பேரைத்தான் பார்க்க முடியும். முதல் மாதம் வாரம் ஒரு முறை பேச வேண்டும் என்பதை இதில் சேர்க்கவே இல்லை. ஆகவே பின்தொடர்தலுக்கு மட்டும் ஒன்றரை ஆள் சம்பளம் வரவு செலவில் தனி வரியாக இருக்க வேண்டும். "கவுன்சலர் கூடுதலாகப் பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பொருள்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் விடுபடுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். விடுதியில் இரவில் வலிப்பு வந்தால் வண்டி யாருடையது, மருத்துவமனையில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், "எங்க கேஸ் இல்ல" என்று திருப்பி அனுப்பாமல் சேர்க்கச் சொல்லும் உத்தரவு யாருடைய கையெழுத்தில் இருக்கிறது? வார்டிலிருந்து விடுதிக்கு மாறும் நாளில் நோயாளியைத் தனியே பஸ் ஏற்றிவிடக் கூடாது. பஸ் நிலையத்துக்கும் விடுதிக்கும் நடுவில் கடை இருக்கிறது. விடுதியின் கவுன்சலர் டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே வார்டுக்கு வந்து முகம் காட்டிப் பேசியிருக்க வேண்டும், கூட்டிப்போகவும் அவரே வர வேண்டும். வெள்ளிக்கிழமையும் தீபாவளிக்கு முந்தின வாரமும் டிஸ்சார்ஜ் கூடாது. குடித்தால் உடலைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிராம் மாத்திரை தருவதாக இருந்தால் நோயாளிக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து. மனைவி குழம்பில் கலந்து கொடுக்கும் ரகசியப் பொடி வியாபாரம் பல ஊர்களில் உண்டு. அது உயிருக்கே ஆபத்து என்பதைக் குடும்ப அமர்வில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது விடுதியின் பொறுப்பு. மறுபடி குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை விடுதியில் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து அதே மருந்து அரசு மருந்தகத்தில் கிடைக்குமா என்று முதலிலேயே பேசிவைக்க வேண்டும்.

மூன்றாவதாகக் காவல்துறை வந்து சேரும். ஆள் அனுப்புவதில் அவர்கள் உதவி பெரிது. பெயர்ப் பட்டியல் கேட்பார்கள், தரக் கூடாது. மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பட்டியல் ஸ்டேஷனுக்குப் போகிறது என்ற பேச்சு ஒரு முறை பரவினால் கஞ்சாவும் மாத்திரையும் எடுக்கும் பையன்கள் மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார்கள். கலெக்டர் தலைமையிலான மாதக் கூட்டத்துக்கு எண்ணிக்கை மட்டும் போதும். இன்னொரு பக்கம், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கிறது. ஆனால் சிகிச்சை அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் நடக்க வேண்டும், பாதியில் விட்டால் பாதுகாப்பு பறிக்கப்படலாம். கூட்டாளி நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, முடித்ததற்கான சான்றை யார் தருவது என்பதை எழுதிவைத்தால் பல இளைஞர்களுக்கு அதுவே பெரிய உதவி.

குடியை விட்டவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களையும் ஒப்பந்தத்தில் இழுத்துப்போட முயல்கிறார்கள். நடக்காது. வெளியார் பணம் வாங்குவதில்லை, எந்த அமைப்போடும் இணைவதில்லை என்பது அவர்களின் மரபு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட ஓர் அறையைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே சரியான உறவு. அறிக்கை கேட்கக் கூடாது.

எந்த மாவட்டத்துக்கு எது

மருத்துவக் கல்லூரியும், ஐந்தாண்டாவது நிலைத்து நிற்கும் தொண்டு நிறுவனமும் இருந்தால் பங்கீடுதான், யோசிக்கவே வேண்டாம். மருத்துவமனை மட்டும் இருந்தால் படுக்கையைக் கூட்டாமல் இரண்டு களப்பணியாளர்களையும், வாரம் இரண்டு நாள் மாலை ஓ.பி.-யையும் சேர்த்தாலே பாதி தூரம் போய்விடலாம். விடுதி மட்டும் பலமாக உள்ள இடத்தில், டீடாக்ஸை அங்கேயே வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டு, தாலுகா மருத்துவமனையில் நான்கு படுக்கைக்காவது உத்தரவு வாங்க வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் அதிகமுள்ள நகரம் என்றால், நம்பிக்கை மையத்தின் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிப் பரிசோதனையும் மாற்று மருந்தும் இல்லாத எந்த ஏற்பாடும் குறைதான். ஒரு மாதம் விடுதியில் இருந்து தாங்குதிறன் குறைந்தவர் வெளியே வந்து பழைய அளவையே போட்டால் இறந்துபோகலாம். பெண்களுக்குத் தனி விடுதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெண்கள் மனநல வார்டில் இரண்டு படுக்கையும், பெண் கவுன்சலர் ஒருவரும், குழந்தையை உடன் வைத்துக்கொள்ளும் அனுமதியும் இன்றே செய்யக்கூடியவை.

ஒப்பந்தக் காலம் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் இந்தச் சேவைகள் உள்ளூர் மன்றங்களின் பொறுப்புக்கு வந்து, டெண்டர் விட்டு நிறுவனங்களை மாற்றும் வழக்கம் பரவியது, நிதியும் சுருங்கியது. 2021-இல் மருத்துவர் கேரல் பிளாக் அந்நாட்டு அரசுக்கு அளித்த ஆய்வறிக்கை, தகுதியுள்ள பணியாளர்கள் குறைந்து, இருப்பவர்களும் சோர்ந்துவிட்டதை எடுத்துக்காட்டியது. நம்மூரில் ஓராண்டு ஒப்பந்தம், ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்று போடுவதும் அதே பள்ளத்துக்குத்தான் இட்டுச்செல்லும். மூன்றாண்டுக்குப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு வைக்கலாம். ஆய்வில் பார்க்க வேண்டிய எண் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதல்ல. மூன்றாம் மாதத்தில் தொடர்பில் இருப்பவர் எத்தனை பேர் என்பது. மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தவரையும் தொடர்பில் இருப்பவராகவே எண்ண வேண்டும். தோல்வி என்று கழித்தால் நிறுவனங்கள் அவர்களைச் சேர்க்கத் தயங்கும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை. கூட்டாளியாக வரப்போகும் இடத்திலிருந்து மூன்று மாதம் முன்பு வெளியேறியவர்களில் இருபது பேரைப் பதிவேட்டில் வரிசைப்படி எடுக்கச் சொல்லுங்கள், தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பெயரை உங்களிடம் காட்ட வேண்டியதில்லை. அவர்களுடைய பணியாளர்களே இரண்டு நாளில் எத்தனை பேரிடம் பேச முடிகிறது என்று பாருங்கள். பன்னிரண்டுக்கு மேல் கிடைத்தால் கையெழுத்துப் போடலாம். ஐந்தாறு என்றால், படுக்கை விரிப்பு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், பின்தொடரும் ஆளை நியமித்த பிறகு வரச்சொல்லுங்கள்.